ஆறு முதல் ஏழு வரை தங்கச்சி

அந்தப் பள்ளிக்கூடத்தில் எது கெட்டாலும், எது தொலைந்தாலும், எல்லார் வாயிலும் முதலில் வருவது "கிளார்க்கம்மாவைக் கூப்பிடு" என்பதுதான். சாக்பீஸ் தீர்ந்தாலும் அவள், குழாய் ஒழுகினாலும் அவள், சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக விழுந்தாலும் அவள். பிரசவ விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாக மூன்று மாதம் என்று சொல்லித்தான் உட்காரவைத்தார்கள். போனவள் திரும்பி வரவில்லை. இவளை யாரும் எழுப்பவும் இல்லை. பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. இதற்குள் நான்கு ஹெட்மாஸ்டர்களைப் பார்த்துவிட்டாள். ஆளுக்கு ஒரு குணம் என்றாலும் ஒரு விஷயத்தில் நால்வரும் ஒன்று: பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தால் ஒரு மாதத்துக்கு அவர்களைக் கட்டிப்பிடித்து நிறுத்த முடியாது.

நான்காமவர் மூன்று நாள் பயிற்சி முடிந்து ஒரு திங்கட்கிழமை காலை வந்து இறங்கினார். தோளில் புதுப் பை, பைக்குள் புது ஃபைல், ஃபைலுக்குள் நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் அட்டைகள்.

"ஏம்மா, இத்தனை வருஷமா எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி நடத்திட்டு இருந்தோம். தப்பு. ரொம்பப் பெரிய தப்பு."

"சரிங்க சார்."

"பிள்ளைங்க மூணு வகை. பாத்துப் படிக்கிறது நீலம். கேட்டுப் படிக்கிறது மஞ்சள். கையால செஞ்சு படிக்கிறது சிவப்பு. கண், காது, கை. புரியுதா?"

"புரியுது சார். படிக்காததுங்க என்ன கலர்?"

அவர் சிரிக்கவில்லை. பயிற்சியில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பில் மூன்று பிரிவு, நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் இருபது கேள்விகள் கொண்ட தாள். அதை வைத்து வகை கண்டுபிடித்து நிற அட்டை தர வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தத்தம் வகைக்கு ஏற்றபடி படிப்புத் திட்டம் எழுத வேண்டும். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை, மணிக்கு ஒரு கட்டம், அடியில் பெற்றோர் கையெழுத்து. எல்லாவற்றையும் தொகுத்து மூன்று பிரதிகள் எடுத்து மாதக் கடைசிக்குள் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஹெட்மாஸ்டர் வகுப்பாசிரியர்களிடம் சொன்னார். வகுப்பாசிரியர்கள் வகுப்புத் தலைவிகளிடம் சொன்னார்கள். தலைவிகள் தாள்கட்டுகளைக் கொண்டுவந்து கிளார்க்கம்மா மேஜையில் வைத்துவிட்டு, "மிஸ் இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க மேடம்" என்று ஓடிப்போனார்கள். மேட்டில் கொட்டிய தண்ணீர் பள்ளத்துக்கு வராமல் எங்கே போகும்?

"வழி தெரியாத ஓர் இடத்துக்குப் போக நேர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அ. வரைபடம் பார்ப்பேன். ஆ. யாரையாவது கேட்பேன். இ. நடந்து பார்த்துக் கண்டுபிடிப்பேன்." இந்தக் கேள்விக்கு ஒருத்தி எதையும் டிக் செய்யாமல், "எங்கப்பா விடமாட்டார்" என்று எழுதியிருந்தாள். கிளார்க்கம்மா அவளுக்கு என்ன நிறம் கொடுப்பது என்று ஐந்து நிமிடம் தலையைச் சொறிந்தாள். இருபதுக்கும் 'ஆ' போட்டவன் ஒருவன். கூப்பிட்டுக் கேட்டால், "அதுதான் மேடம் நடுவுல இருந்துச்சு" என்றான்.

அட்டை கொடுத்த மறுநாளே வினை வந்தது. ஒரு தையல்காரர் சிவப்பு அட்டையை நீட்டியபடி அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"என் பொண்ணுக்கு ஏன் சிவப்பு? மண்டையில ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"இல்லைங்க, கையால செஞ்சு பழகினா அவங்களுக்கு நல்லாப் புரியும்னு..."

"கையால செய்யிற வேலை என்னோட போகட்டும்னுதானேம்மா இங்க அனுப்புறேன்!"

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவதற்குள், "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு நீலம் குடுத்திருக்கீங்க, எங்களுக்கும் நீலமே குடுங்க" என்று இன்னொரு அம்மா வந்து நின்றாள். மதியம் அறிவியல் டீச்சர் வந்தாள். வீட்டுப்பாடம் கேட்டால் ஒருவன், "நான் காது வகை மிஸ், எழுதினா ஏறாது" என்கிறானாம். "நீங்க குடுத்த அட்டைதானே!" என்று கிளார்க்கம்மாவைப் பார்த்தே கோபித்துக்கொண்டு போனாள். நாற்பத்தாறு நீலம், முப்பத்தொன்பது மஞ்சள், முப்பத்து மூன்று சிவப்பு. இந்தக் கணக்கைக் கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று கிளார்க்கம்மாவுக்குக் கடைசி வரை விளங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை படிப்புத் திட்டங்கள் வந்தன. அவற்றை யாரும் படிக்கப்போவதில்லை; எத்தனை வந்தன என்று எண்ணினால் போதும் என்று ஹெட்மாஸ்டரே சொல்லியிருந்தார். ஆனால் கையில் வந்த தாளைப் படிக்காமல் சீல் வைக்கும் பழக்கம் கிளார்க்கம்மாவுக்கு இல்லை. முதல் தாள்: "மாலை 5 முதல் 6: கணக்கு. 6 முதல் 7: தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது." நல்ல பெண், மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். நான்காவது தாளிலும் ஆறு முதல் ஏழு வரை தங்கச்சி. ஒன்பதாவது ஒரு பையனுடையது. அவனுக்கும் ஆறு முதல் ஏழு வரை தங்கச்சி. அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது இவளுக்கு நன்றாகத் தெரியும், சேர்க்கைப் படிவத்தை நிரப்பியவளே இவள்தான். பிறகு தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். முப்பத்தொரு தாள். கணக்கு, தங்கச்சி, பால் காய்ச்சுதல், அறிவியல் என்று வரிசைகூட மாறவில்லை. "அறிவியல்" என்பதை "அறிவிவல்" என்று எழுதியிருந்த பிழையும் முப்பத்தொன்றிலும் அப்படியே இருந்தது. சுத்தமான ஈயடிச்சான் காப்பி. முப்பத்தொரு வீட்டுப் பெற்றோரும் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

இருபத்தேழாவது தாளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. கையெழுத்து அவள் கணவனுடையது. தாள், அவள் பெற்ற மகள் பாப்புவுடையது. பாப்புவுக்குத் தங்கச்சி கிடையாது, அக்காவும் கிடையாது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"எங்கடி உன் தங்கச்சி? பாத்துக்கிறியே தினமும் ஒரு மணி நேரம், கண்ணுல காட்டு, நானும் பாக்குறேன்!"

பாப்பு ஐந்து நிறப் பேனாக்களால் வரலாற்றுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நீல அட்டை வந்திருந்தது. அன்றிலிருந்து கோடு போடுவதுதான் படிப்பு. பக்கத்தில் கோடு விழாத வரி எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"எல்லாரும் எங்க கிளாஸ் தந்தியோடதைத்தான்மா பாத்து எழுதினோம். மணியடிக்கிறதுக்குள்ள அவ ஒருத்திதான் முடிச்சிருந்தா."

"பாத்து எழுதுறதுக்கும் ஒரு மூளை வேணாமா? தங்கச்சின்னு இருந்தா, இது நமக்கு இல்லையேன்னு தோணாது?"

"யாரும் படிக்க மாட்டாங்கன்னு மிஸ்ஸே சொன்னாங்க!"

கிளார்க்கம்மா கணவன் பக்கம் திரும்பினாள். அவன் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க மற்றவர்கள் பார்வையைச் சோதித்து லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன்.

"ஊரான் கண்ணுல பவர் கால் புள்ளி குறைஞ்சாலும் கண்டுபிடிக்கிறீங்க. கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இல்லாத பொண்ணு ஒண்ணு உக்காந்திருக்கு, அது தெரியலை?"

"ஸ்கூல் பேப்பர்னு நீட்டினா, போட்டேன்" என்று அவன் முனகினான். "கண் வகைன்னு அட்டை குடுத்தீங்களே, கண்ணாடி ஏதாவது வேணுமா?"

அந்த நகைச்சுவைக்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"நீ மட்டும் பத்தாவதுல எப்படிம்மா படிச்சே?" என்று பாப்பு கேட்டாள். கணவன் சட்டென்று இருமினான். கிளார்க்கம்மா, "அடுப்புல பால் இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் தந்தியை அலுவலகத்துக்கு வரச்சொன்னாள். தந்தி என்பது பட்டப்பெயர். வார்த்தைக்குக் காசு என்பதுபோல அளந்து பேசுவாள் என்று எந்த டீச்சரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. ஒல்லியான பெண், இறுக்கிப் பின்னிய சடை, சட்டையின் தோளில் காய்ந்த பால் கறை.

"தங்கச்சிக்கு என்ன வயசு?"

"பதினோரு மாசம்."

"அம்மா?"

"ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிற பிரிவு. ரெண்டுலேருந்து பத்து."

"அப்பா?"

"வெளியூர் வேலை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை."

நாலு மணி வரை பக்கத்து வீட்டுப் பெண்மணி குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். நாலு மணிக்கு அவளும் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு அம்மா வரும்வரை தந்திதான்.

"அப்போ ஆறு முதல் ஏழுன்னு எழுதியிருக்கே?"

"உண்மையை எழுதினா எல்லாக் கட்டத்துலயும் தங்கச்சின்னுதான் வரும் மேடம். நல்லா இருக்காது. ஒண்ணுல மட்டும் போட்டேன்."

"மத்த நேரத்துல படிக்கிறேன்னு எழுதியிருக்கியே, எப்படிப் படிக்கிறே?"

"அவகிட்டச் சொல்லுவேன். இடுப்புல வெச்சுக்கிட்டே."

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கிளார்க்கம்மா நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள். முப்பத்தொரு தாளையும் மேஜையில் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டைப் பார்த்தார்.

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க?"

"முப்பத்தொண்ணும் ஒண்ணு சார்."

"ஒழுங்கா ஒரே மாதிரி இருக்குன்னு நினைச்சுக்கோங்க."

"சார், இதுல ஒரே ஒருத்திக்குத்தான் தங்கச்சி இருக்கு. அவளுக்கு நாலு மணிக்கு மேல புத்தகத்தைத் தொட நேரமே இல்லை. திட்டம் போடுங்கன்னு சொன்னோமே, நேரம் இருக்கான்னு கேட்டோமா?"

"அவ என்ன கலர்?"

"மஞ்சள்."

"மஞ்சள்ல ஏத்திடுங்க. நேரம் இருக்கா இல்லையான்னு எழுத ஃபாரத்துல கட்டம் இல்லை, நான் என்ன பண்ணட்டும்?"

கல்லில் நார் உரிக்கலாம், இவரிடம் பதில் உரிக்க முடியாது. கிளார்க்கம்மா தாள்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அப்போதுதான் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து கதவு நிலையில் இடித்தது. அலுவலகத்தை ஒட்டிப் பழைய பதிவேடுகள் வைக்கும் அறை ஒன்று இருந்தது. மின்விசிறி ஓடும், ஜன்னல் உண்டு, சாவி இவளிடம். இவளோ எப்படியும் ஐந்தரைக்கு முன்னால் வீட்டுக்குப் போனதில்லை. பாப்புவும் அம்மாவோடு திரும்புவதற்காக அதுவரை வராந்தாவில் சும்மாதான் உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால்தானே முடியாது என்பார்கள்!

கிளார்க்கம்மா சொல்லியிருந்தபடி மறுநாள் நாலேகாலுக்குத் தந்தி குழந்தையோடு வந்தாள். போர்வையில் சுற்றி எடுத்து வந்ததைப் பார்த்து, "இதென்னடி பொட்டலம்?" என்றாள் பாப்பு. அன்றிலிருந்து அதற்குப் பெயரே பொட்டலம் என்றாகிவிட்டது. ஏற்பாடு எளிது: முக்கால் மணி நேரம் ஒருத்தி படிப்பாள், மற்றவள் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், பிறகு ஆள் மாற்றம்.

எளிது என்று சொன்னது யார்? பொட்டலம் தவழும் வேகத்துக்கு ஓடத்தான் வேண்டியிருந்தது. முதல் நாளே ஆயிரத்துச் சொச்சம் பேர் பெயர் இருந்த சேர்க்கைப் பதிவேட்டின் முனையைச் சப்பியது. இரண்டாம் நாள் பீரோவுக்கு அடியில் புகுந்து, கிளார்க்கம்மா மூன்று வருடமாகத் தேடிய ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு வந்தது. கிளார்க்கம்மா அலுவலகத்தில் ஒரு கடிதம் அடிப்பதற்குள் நான்கு முறை எழுந்து வந்து, "அதை வாயிலேருந்து எடுடீ!" என்று கத்திவிட்டுப் போவாள்.

ஆனால் ஒன்று அவள் கண்ணில் பட்டது. தந்தி புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவதே இல்லை. ஒரு பக்கத்தை வாசிப்பாள், மூடுவாள், பொட்டலத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அறைக்குள் நடந்தபடி சொல்ல ஆரம்பிப்பாள். மற்ற நேரம் தந்தியாக இருப்பவள், அப்போது மட்டும் வாய் ஓயமாட்டாள். "இதயத்துக்கு நாலு அறை. மேல ரெண்டு, கீழ ரெண்டு. கெட்ட ரத்தம் எங்க வரும்? சொல்லு. வலது மேல் அறைக்கு. அங்கேருந்து... அங்கேருந்து..." நின்றுவிடுவாள். புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்ப்பாள். மறுபடி மூடி முதலிலிருந்து. மறுநாள் வந்ததும் முந்தின நாள் எங்கே நின்றாளோ அதைத்தான் முதலில் சொல்வாள்.

பாப்புவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நானும் சொல்லுவேன்" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஐந்து நிறக் கோடு போட்ட வரலாற்றுப் பாடத்தை ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் நின்றாள். மூன்றாவது வரி வரவே இல்லை. பொட்டலம் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"நேத்து முழுக்கப் படிச்சேம்மா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தப் பக்கம், எந்தக் கலர், எல்லாம் தெரியுது. என்ன எழுதியிருந்துச்சுன்னுதான் தெரியலை."

கதவருகில் நின்ற கிளார்க்கம்மாவுக்கு மகளைத் திட்ட வார்த்தை வாய் வரை வந்தது. ஆனால் வேறு ஒன்று வெளியே வந்தது. "நான் பத்தாவதுல பரீட்சைக்குப் படிக்க லீவு விட்ட பதினஞ்சு நாளும் டைம்டேபிள்தான் போட்டேன். கட்டம் போட்டு, பூ வரைஞ்சு, கலர் அடிச்சு. ஒண்ணு சரியில்லைன்னு கிழிச்சுட்டு இன்னொண்ணு. கணக்குல ஃபெயில். ரெண்டாவது தடவைதான் பாஸ் பண்ணினேன்."

பாப்பு வாயைப் பிளந்தாள். "இத்தனை நாளா சொல்லவே இல்லை?"

"இப்பவும் சொல்லியிருக்கக் கூடாது. படி!"

மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகவேண்டிய தொகுப்பை மூன்று பிரதிகள் எடுத்து, ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்காகக் கிளார்க்கம்மா மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பதிவேட்டு அறைக் கதவு திறந்திருந்தது. பொட்டலம் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் காலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கை முழுவதும் ஸ்டாம்ப் பேடின் ஊதா மை. கண் வகை நாற்பத்தாறு, காது வகை முப்பத்தொன்பது என்ற வரிகளின் மேல் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மூன்று பிரதியிலும். சரியாக அந்த நேரத்தில்தான் ஹெட்மாஸ்டரும் உள்ளே வந்தார்.

"இது யாரு?" என்றார்.

"தங்கச்சி சார்" என்றாள் பின்னாலிருந்து தந்தி, மூச்சு வாங்க.

மறுநாள் காலை அவர் கிளார்க்கம்மாவைக் கூப்பிட்டார். "ஒரு மெமோ அடிக்கணும். எழுதிக்கோங்க."

"யாருக்கு சார்?"

"உங்களுக்கு."

பள்ளிக்கூடத்தில் தட்டச்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அலுவலக ஆவணங்கள் உள்ள அறையில், முன் அனுமதியின்றி, பதினோரு மாதக் குழந்தை ஒன்றை நடமாட அனுமதித்தது குறித்து..."

"நடமாடன்னு போட முடியாது சார். அது இன்னும் நடக்கலை. தவழன்னு போடட்டுமா?"

"போடுங்க."

"பன்னிரண்டு மாசம் ஆயிடுச்சு சார், போன வாரம்."

"மாத்துங்க." கொஞ்ச நேரம் கழித்து, "விளக்கம் தர வேண்டும். அவ்வளவுதான்" என்றார்.

"எத்தனை நாளுக்குள்ளன்னு போடலையே. போடாம விட்டா நான் ரிடையர் ஆகுற வரைக்கும் இழுக்கலாம்."

"மூணு நாள்!" என்று பல்லைக் கடித்தார்.

அவளே அடித்தாள், அவளே வரிசை எண் போட்டாள், அவரிடம் கையெழுத்து வாங்கினாள், சீல் வைத்தாள், தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாள், "பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பமும் போட்டாள். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு மெமோ அடித்திருக்கிறாள். தனக்கு அடிக்கும்போதுதான் அந்த வாசகங்கள் எவ்வளவு மொட்டையாக இருக்கின்றன என்று தெரிந்தது.

பதிலை அன்று மாலையே எழுதினாள். வயிற்றெரிச்சலில் எழுதினாள். முப்பத்தொரு தாள், இல்லாத தங்கச்சிகள், கட்டம் இல்லாத ஃபாரம் எல்லாவற்றையும் எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தந்தியின் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எங்கே போகிறார்கள், அம்மா எங்கே என்ன வேலை செய்கிறாள், அப்பா எப்போது வருகிறார் என்று அதையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். ஹெட்மாஸ்டர் படித்துவிட்டு அதை மேஜையில் விரித்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். கையெழுத்து வாங்க வந்த விளையாட்டு வாத்தியார் படித்தார். அவர் படித்தால் பள்ளிக்கூடமே படித்த மாதிரி.

இரண்டு நாள் கழித்து நண்பகலில் ஒரு பெண் அலுவலக வாசலில் வந்து நின்றாள். சோப்பிலும் வெந்நீரிலும் ஊறி வெளுத்த விரல்கள். பார்த்ததும் கிளார்க்கம்மாவுக்கு யாரென்று புரிந்துவிட்டது.

"எங்க வீட்டு விஷயத்தை எல்லாம் நீங்க பேப்பர்ல எழுதி, இங்க எல்லாரும் படிக்கிறாங்களாமே?"

"உட்காருங்க."

"நிக்கிறேன். என் பொண்ணு அழுதுட்டு வந்தா. 'உங்கம்மா அழுக்குத் துணி துவைக்கிறாங்களாமே, பாவம்'னு ஒருத்தி கேட்டாளாம். பாவம்னு எங்களைச் சொல்ல இவங்க யாரு? நான் யார்கிட்டயாவது வந்து கை நீட்டினேனா?"

கிளார்க்கம்மாவுக்கு மூன்று வாரமாக ஹெட்மாஸ்டர் மேல் கோபம், ஃபாரத்தின் மேல் கோபம், கணவன் மேல் கோபம். ஆனால் இந்தப் பெண்ணின் வீட்டை எடுத்து ஊர் முன்னால் விரித்துப் போட்டது அவர்கள் யாரும் இல்லை.

"தப்பு என்னுதுதாங்க" என்றாள். "என்னைக் காப்பாத்திக்கிறதுக்கு உங்க வீட்டை எழுதிட்டேன். உங்ககிட்டக் கேட்டிருக்கணும். முதல் நாளே கேட்டிருக்கணும்."

அந்தப் பெண் இன்னும் திட்டத் தயாராகத்தான் வந்திருந்தாள். எதிரில் தடுப்பு இல்லாததால் தடுமாறினாள். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டாள்.

"எம் பொண்ணா? உங்க பொண்ணு வர்றதுக்கு முன்னாடி கலர் அடிச்சுட்டு இருந்தா. இப்பதான் நாலு வரி தொடர்ந்து சொல்றா. உங்க பொண்ணுதான் திட்டித் திட்டிச் சொல்லவைக்குது."

"அவளா திட்டுறா?" அம்மாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு நெகிழ்வு. "அப்போ ஒண்ணு செய்யுங்க. உதவின்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் பொண்ணு உங்க பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்குறா. அப்படின்னா அனுப்புறேன்."

"அதுதானே உண்மை" என்றாள் கிளார்க்கம்மா.

ஹெட்மாஸ்டர் அந்தப் பதில் கடிதத்தைக் கோப்பில் வைக்கவில்லை. கிளார்க்கம்மாவைக் கூப்பிட்டு அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "இதை எடுத்துட்டு, 'இனி நடக்காது'ன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. எனக்கு ரிடையர் ஆக இன்னும் பதினாலு மாசம் இருக்கும்மா. ஒரு புகார் இல்லாம வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான் என் திட்டம்." மனுஷர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அது தெரிந்ததும் அவள் எரிச்சல் குறையவில்லை; திட்ட முடியாமல் போனதில் கூடத்தான் செய்தது. பழைய கடிதத்தைக் கிழித்தாள். ஊதா மை பட்ட தொகுப்பையும் புதிதாக மூன்று பிரதிகள் அடித்து அனுப்பினாள். மேலிடத்திலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, இன்றுவரை.

பதிவேட்டு அறை மூடப்பட்டது. கூட்டம் கிளார்க்கம்மா வீட்டுக்கு மாறியது. வீட்டின் கூடம் கூடமாக இருந்தது அதோடு சரி. வேலை முடிந்து வந்து நிம்மதியாகக் கால் நீட்டலாம் என்று பார்த்தால், கால் நீட்டும் இடத்தில் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். கணவன் கடையிலிருந்து வந்தால் அவன் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி ஒரு பக்கக் காம்பைத் திருகிவிடும். "பத்து வருஷ அனுபவத்துல இப்படி ஒரு கஸ்டமரைப் பாத்ததில்லை" என்று சொல்லிக்கொண்டே மறுநாள் கடையில் சரிசெய்து வருவான். இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு மூலையில் சத்தமாகச் சொல்லுவார்கள். ஒருத்தி அமிலம் என்பாள், மற்றவள் முக்கோணம் என்பாள். மேல் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, "இங்க என்ன, டியூஷன் சென்டரா?" என்று கேட்டார். கிளார்க்கம்மா, "ஆமா, உங்க பையனையும் அனுப்புங்க" என்று கதவைச் சாத்தினாள்.

திட்டம் என்று ஒன்று வேண்டுமே என்று அவளுக்குக் கை அரித்தது. பழக்கதோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுகோலை வைத்துக் கட்டம் போட ஆரம்பித்தாள். தந்தி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு கட்டம் வேணாம் ஆன்ட்டி. பொட்டலம் எப்ப தூங்கும்னு யாருக்குத் தெரியும்? எங்க நின்னோம்னு எழுதி வெச்சா போதும். நேரம் கெடைக்கிறப்ப அங்கேருந்து."

கதவுக்குப் பின்னால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார்கள். "சிறுநீரகம்: பாதியில் நின்றது. இருபடிச் சமன்பாடு: பாப்புவுக்கு வரவே இல்லை." தினமும் அதில் சிலது அடிபடும், சிலது சேரும். அழகாக இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கிளார்க்கம்மாவுக்கு நேராகக் கோடு போட்டுத் தர வேண்டும் போலிருக்கும், அடக்கிக்கொண்டாள்.

தேர்வு வந்தது, போனது. முடிவு வந்த அன்று தந்தி அறிவியலில் தொண்ணூற்று நான்கு, கணக்கில் அறுபத்தெட்டு. யாரும் மாலை போடவில்லை, முதலிடமும் இல்லை, ஆனால் அவள் கேட்ட அறிவியல் பிரிவு கிடைத்தது. பாப்பு வரலாற்றில் எண்பது, கணக்கில் ஐம்பத்திரண்டு. "ஐம்பத்திரண்டா!" என்று கிளார்க்கம்மா ஆரம்பிக்க, பாப்பு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரே தடவையில பாஸ்மா" என்றாள். இந்த வாயாடியிடம் அந்தப் பழைய கதையைச் சொன்னது தன் புத்திகெட்டதனம் என்று கிளார்க்கம்மா கணவனிடம் மட்டும் புலம்பினாள்.

ஜூன் மாதம் தந்தி மதிப்பெண் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்கு வந்தாள். கூடவே அம்மாவும், அம்மாவின் கையைப் பிடித்து நடந்தபடி பொட்டலமும். கிளார்க்கம்மா உறையைப் பிரித்துச் சரிபார்த்தாள். மதிப்பெண் சரி, பிறந்த தேதி சரி, தந்தியின் பெயர் சரி. அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

"ஒரு எழுத்துதானே மேடம், பரவாயில்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"பரவாயில்லையா? இதை இப்படியே விட்டா நாளைக்கு எங்க போனாலும், 'இது யாரோட அப்பா'ன்னு கேப்பான். தலையெழுத்து! நூத்திப் பதினெட்டுப் பேர்ல இவளுக்குத்தான் விடணுமா?" கிளார்க்கம்மா சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள். திருத்தத்துக்கு விண்ணப்பம், அதற்கு மூன்று இணைப்பு, பதில் வர எப்படியும் மூன்று மாதம்; நடுவில் இரண்டு தடவையாவது போய்ச் சண்டை போட வேண்டும். ஹெட்மாஸ்டர் வேறு அன்று காலைதான் இன்னொரு பயிற்சிக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

"உக்காருங்க, இப்பவே அடிச்சுடுறேன்" என்று தட்டச்சுப் பலகையை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இந்தாம்மா தந்தி, அப்பா பேரை ஒவ்வொரு எழுத்தா மெதுவா சொல்லு. ஐயோ, முதல்ல அந்த ஸ்டாம்ப் பேடை எடுத்து மேல வை!"